பிழையின்றி எழுதப் பத்து நிமிடம்: வீட்டில் நடத்தக்கூடிய தினசரி எழுத்துப் பாடம்

நான்காம் வகுப்பில் படிக்கும் பிள்ளையின் தமிழ் நோட்டைப் புரட்டுகிற பெற்றோர் பெரும்பாலும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள்: எல்லாமே தப்பும் தவறுமாக இருக்கிறது என்று. அந்தப் பிழைகளைத் தனித்தாளில் எடுத்து எழுதிப் பார்த்தால் நிலைமை அவ்வளவு மோசமாகத் தெரியாது. எத்தனை பிழைகள் இருந்தாலும் அவை நான்கைந்து வகைக்குள் அடங்கிவிடும். ஒரு வகை காதில் பிறப்பது; ஒரு வகை பேச்சுத் தமிழிலிருந்து வருவது; ஒரு வகை எழுத்தின் வடிவம் கையில் படியாததால் நேர்வது; மற்றொன்று, எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து வரும் என்பதை யாரும் சொல்லித் தராததால் நேர்வது. தமிழ் எழுத்து பெரும்பாலும் காரணத்தோடு நடப்பது. சொல் சொல்லாக மனப்பாடம் செய்ய வேண்டிய பங்கு அதில் சிறியதே. இதைக் கவனிக்காமல், தவறிய சொல்லைப் பத்து முறை எழுதி வரச் சொன்னால், மூன்றாவது முறைக்குப் பிறகு பிள்ளை சொல்லை எழுதுவதில்லை, மேல் வரியைப் பார்த்து வரைகிறது.

நாள்தோறும் பத்து நிமிடம், ஒரு நேரத்தில் ஒரே ஒரு காரணம் என்று எடுத்துக்கொண்டால் பலன் வேறு விதமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் உட்கார வைப்பதைவிட இது நல்லது; நேற்றுக் கற்றதை இன்று நினைவிலிருந்து எடுத்து எழுதும்போதுதான் அது படிகிறது. தமிழ்நாட்டில் தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஆங்கிலவழிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளும் தமிழ் எழுதியாக வேண்டும். அவர்களில் பலர் தமிழ்ப் பாடவேளை தவிர வேறெங்கும் தமிழ் எழுத்தைப் பார்ப்பதே இல்லை. அவர்களுக்கு இந்தப் பத்து நிமிடம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்தல்

பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதை வைத்துப் பாடத்தைத் தொடங்க வேண்டாம். அரசுப் பள்ளிகளில் 1 முதல் 3 வரையான வகுப்புகளுக்காக 2022இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை வகுப்பால் பிரிக்காமல் கற்றல் நிலையால் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது. வீட்டிலும் அதே அணுகுமுறை சரியானது.

முதல் நாள் இருபது சொற்களைச் சொல்லி எழுத வையுங்கள்: குடை, கொக்கு, கோழி, தேங்காய், மஞ்சள், நண்டு, பந்து, கன்று, காற்று, விளக்கு, மழை, பள்ளி, கல், அறை, மரங்கள், வந்தாள், வீட்டில், வருகிறேன், முயற்சி, வளர்ச்சி. தேர்வு என்ற பேச்சே வேண்டாம். மதிப்பெண்ணும் போட வேண்டாம். எழுதி முடித்ததும் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, பிள்ளை இல்லாத நேரத்தில் பிழைகளைப் பிரியுங்கள். 'கோழி' என்பதைக் 'கொழி' என்று எழுதியிருந்தால் அது குறில் நெடில் பிழை. குடை 'கொட' ஆகியிருந்தால் அது பேச்சின் வேலை. பள்ளி 'பல்லி' ஆகியிருந்தால் அது காதில் நேர்ந்தது. 'கண்று', 'முயற்ச்சி' போன்றவை எழுத்துகளின் சேர்க்கை தெரியாததால் வருபவை. எந்த வகை அதிகமோ அதுவே முதல் இரண்டு வாரப் பாடம்.

பத்து நிமிடத்தின் அமைப்பு

கோடு போட்ட தனி நோட்டு ஒன்று போதும். பக்கத்தின் மேலே பிள்ளையே தேதியையும் கிழமையையும் எழுத்தால் எழுதட்டும். கிழமைப் பெயர்களே நல்ல பயிற்சி: ஞாயிறில் றகரம், திங்களில் ளகர மெய், வியாழனில் ழகரம், வெள்ளியில் இரட்டித்த ளகரம் என்று, நாம் சொல்லித் தரப் போவதில் பாதி அங்கேயே கிடக்கிறது.

முதல் இரண்டு நிமிடம் நேற்றைய சொற்களுக்கு. அவற்றைப் பார்க்காமல் எழுத வேண்டும். அடுத்த நான்கு நிமிடத்தில் இன்றைய ஒரு செய்தியும் அதற்கான நான்கு அல்லது ஐந்து சொற்களும் வரும். பிள்ளை ஒரு சொல்லைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி, கையால் மூடி, நினைவிலிருந்து எழுதி, பிறகு திறந்து எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். மூடி எழுதுவது என்ற அந்த ஒரு படியை விட்டுவிட்டால் மீதமெல்லாம் பார்த்தெழுதுதலாகச் சுருங்கிவிடும். அடுத்த மூன்று நிமிடம் சொல்வதை எழுதுதல்: அந்தச் சொற்கள் வரும்படி நீங்களே கட்டிய இரண்டு சிறு வாக்கியங்கள். வாக்கியத்தை முழுதாக, இயல்பான வேகத்தில் ஒருமுறை படியுங்கள், பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லட்டும், பிறகு எழுதட்டும். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்லும் பழக்கம் பிள்ளையின் காதைச் சோம்பேறியாக்குகிறது. கடைசி ஒரு நிமிடத்தில் பிள்ளையே திருத்திக்கொள்ளும்.

இன்று கற்ற சொல் நாளையும், மூன்றாம் நாளும், அடுத்த வாரம் ஒருமுறையும் திரும்ப வர வேண்டும். நான்கு முறையும் சரியாக வந்த சொல்லை விட்டுவிடலாம். பத்து நிமிடம் முடிந்ததும் பாடம் முடிய வேண்டும், நடுவில் நின்றாலும் பரவாயில்லை. பிள்ளை ஆர்வமாக இருக்கிறதே என்று அரை மணி நேரம் இழுத்தால் மறுநாள் நோட்டு காணாமல் போயிருக்கும்.

விகுதிகளே முதல் முதலீடு

பலர் ல, ள, ழ வேறுபாட்டில் தொடங்குவார்கள். என் கருத்தில் அது தவறான வாசல். சொல்லின் கடைசியில் வரும் உருபுகளையும் விகுதிகளையும் முதலில் எடுத்துக்கொண்டால், ஒரே பாடத்தில் நூற்றுக்கணக்கான சொற்கள் ஒழுங்குக்கு வந்துவிடும். பன்மையைக் காட்டும் 'கள்' எப்போதும் ளகரம்: மரங்கள், பூக்கள், நாங்கள், அவர்கள். இடத்தைக் காட்டும் 'இல்' எப்போதும் லகரம்: வீட்டில், பையில், ஊரில். பெண்ணைச் சொல்லும் வினை ளகரத்தில் முடியும்: வந்தாள், பாடினாள். ஆணைச் சொல்வது றன்னகரத்தில் முடியும்: வந்தான், பாடினான். மரியாதையாகச் சொல்வது ரகரத்தில் முடியும்: வந்தார், பாடினார். நிகழ்காலத்தைக் காட்டும் 'கிறு' எப்போதும் றகரம்: வருகிறேன், படிக்கிறாய், ஓடுகிறது. ஆளைக் குறிக்கும் 'ஆளி', 'ஆளர்' இரண்டும் ளகரமே: நோயாளி, தொழிலாளி, எழுத்தாளர், பேச்சாளர்.

நாளுக்கு ஒரு விகுதி போதும். 'வந்தால் தருவேன்' என்பதில் லகரம், 'அக்கா வந்தாள்' என்பதில் ளகரம் என்ற வேறுபாட்டைப் பிள்ளை இந்தக் கட்டத்தில்தான் பொருளோடு சேர்த்துப் பிடிக்கும். இரண்டு வாரத்தில் இவை படிந்துவிட்டால், நோட்டில் ஒவ்வொரு வரியிலும் தென்பட்ட பிழைகள் கண்கூடாகக் குறையும்; அது பிள்ளைக்கும் தெம்பு தரும்.

பக்கத்து எழுத்தைப் பார்க்கப் பழக்குதல்

ந, ண, ன மூன்றையும் பழைய ஆசிரியர்கள் தந்நகரம், டண்ணகரம், றன்னகரம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பெயர்களிலேயே விதி இருக்கிறது: தகரத்துக்கு முன் ந், டகரத்துக்கு முன் ண், றகரத்துக்கு முன் ன். இன்று வழங்கும் 'ரெண்டு சுழி, மூணு சுழி' வடிவத்தை மட்டும் சொல்கிறது, இடத்தைச் சொல்வதில்லை. ஆகவே பழைய பெயர்களையே பிள்ளைக்குக் கொடுங்கள். பந்து, சந்தை, வந்தான் ஒரு நாள். நண்டு, வண்டி, துண்டு மறுநாள். கன்று, தென்றல், மன்றம் அதற்கடுத்த நாள். நான்காம் நாள் எண்ணுப்பெயர்களை எழுத வையுங்கள். இரண்டு, மூன்று, ஐந்து ஆகிய மூன்றும் இந்த மூன்று சேர்க்கைகளையும் வரிசையாகக் காட்டிவிடும். ஆங்கிலத்திலிருந்து வந்த 'சென்ட்ரல்' போன்ற சொற்களில் இந்த ஒழுங்கு கலையும்; பிள்ளை அதைக் கண்டுபிடித்துக் கேட்டால் மகிழ்ச்சியாக ஒப்புக்கொள்ளலாம்.

இதே இடத்தில் சொல்ல வேண்டிய வேறு சில உண்மைகளும் உள்ளன. தமிழ்ச் சொல் ண, ன, ள, ழ, ற ஆகியவற்றில் தொடங்குவதில்லை. ஆகவே சொல்லின் முதலில் வரும் நகரம் எப்போதும் தந்நகரம்தான். சொல்லின் கடைசியில் ற் வராது; வேர், ஊர், நீர், அவர் எல்லாம் ரகரமே. ரகரமும் ழகரமும் இரட்டிப்பதில்லை. காற்று, வெற்றி, ஏற்றம் என்று இரட்டித்து ஒலிப்பது எப்போதும் றகரம். பள்ளி, வெள்ளை, நல்ல, கல்லூரி என்று வருவன ளகரமாகவோ லகரமாகவோதான் இருக்க முடியும்.

கடை விளம்பரப் பலகைகளிலும் அழைப்பிதழ்களிலும் 'முயற்ச்சி', 'பயிற்ச்சி', 'ஆட்ச்சி' என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு அடுத்த விதி மிகவும் பயனுள்ளது. ட், ற் என்னும் இரண்டு மெய்களுக்குப் பின்னால் இன்னொரு மெய் இரட்டித்து வராது: காட்சி, ஆட்சி, வெட்கம், முயற்சி, பயிற்சி, கற்பனை. ய், ர், ழ் ஆகியவற்றுக்குப் பின்னால் இரட்டித்து வரலாம்: ஆராய்ச்சி, காய்ச்சல், வளர்ச்சி, தீர்ப்பு, மகிழ்ச்சி, வாழ்க்கை. நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் முதல் வகையையும் வலப்பக்கம் இரண்டாம் வகையையும் பிள்ளையே பாடநூலிலிருந்து தேடிச் சேர்க்கட்டும். இது மூன்று நாள் பாடத்துக்குத் தாங்கும்.

காதுக்குரியவையும் காதால் முடியாதவையும்

ல, ள, ழ மூன்றையும் ஒலிக்கத் தெரிந்தால் எழுதவும் வரும். லகரத்துக்கு நாக்கின் நுனி மேற்பல் வரிசைக்குப் பின்னால் தொடும். ளகரத்துக்கு நாக்கு மடிந்து மேலண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கு அதேபோல் மடியும், ஆனால் தொடாது. கண்ணாடி முன் நின்று பிள்ளை இதைச் செய்து பார்ப்பது பாடத்திலேயே உற்சாகமான பகுதி. தென் மாவட்டங்கள் பலவற்றிலும் யாழ்ப்பாணப் பேச்சிலும் ழகரம் ளகரமாகவே ஒலிக்கிறது. அது குறையன்று, வட்டார இயல்பு. வீட்டில் அப்படிப் பேசுவதைக் கண்டிக்க வேண்டியதில்லை. எழுத்துப் பாட நேரத்தில் மட்டும் ழகரத்தைத் தனியாக ஒலித்துக் காட்டினால் போதும்.

ஒலி வேறுபாட்டுச் சொற்களை வரிசையாக அடுக்கி மனப்பாடம் செய்ய வைப்பது பள்ளிகளில் வழக்கம்: தலை, தளை, தழை, அலை, அளை, அழை. தேர்வுக்கு அது உதவும். எழுதக் கற்கும் தொடக்கத்தில் அது குழப்பத்தையே விதைக்கிறது என்பது என் எண்ணம், ஏனென்றால் தளையும் அளையும் பிள்ளை பேச்சில் கேட்டே அறியாத சொற்கள். முதலில் ழகரச் சொற்களை மட்டும் ஒரு வாரம் எடுங்கள்: மழை, பழம், கோழி, ஏழு, கீழே, வாழை. அது ஊன்றிய பிறகு ளகரம். இரண்டும் தனித்தனியே உறுதிப்பட்ட பின்பே புலி, புளி என்று எதிரெதிரே வைக்கலாம்.

ர, ற வேறுபாடு இப்படிக் காதால் தீராது. குமரி மாவட்டம் போன்ற சில பகுதிகளைத் தவிர, கரி, கறி இரண்டையும் நாம் ஒரே மாதிரிதான் சொல்கிறோம். ஆசிரியர் றகரத்தை வேண்டுமென்றே அழுத்திச் சொல்லி எழுத வைத்தால் வகுப்பில் பிழை குறையும். வெளியே யாரும் அப்படிச் சொல்லாததால் பிழை திரும்பிவிடும். இங்கே உதவுவது சொற்குடும்பம். அறி என்பது றகரம் என்று ஒருமுறை தெரிந்தால் அறிவு, அறிஞர், அறிவிப்பு, அறிமுகம் எல்லாம் தாமாகச் சரியாகும். வாழ் தெரிந்தால் வாழ்க்கை, வாழ்த்து, வாழ்வு. உழு தெரிந்தால் உழவு, உழவர். வாரத்தில் ஒரு நாளை ஒரு வேர்ச்சொல்லுக்கு ஒதுக்கி, அதிலிருந்து கிளைக்கும் சொற்களை வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் சேர்ந்து சொல்ல, பிள்ளை எழுதலாம். குடும்பமில்லாமல் தனித்து நிற்கும் சொற்கள் சில மிஞ்சும்; அவற்றைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும்.

பேச்சிலிருந்து வரும் பிழைகள்

பிள்ளை 'எடம்', 'வெளக்கு', 'ஒடம்பு', 'பெறகு' என்று எழுதினால், கேட்டதைக் கேட்டபடி நேர்மையாக எழுதியிருக்கிறது என்று பொருள். சொல்லின் முதலெழுத்து இகரமோ உகரமோ ஏறியதாக இருந்து, அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ வந்தால், பேச்சில் முதலெழுத்து எகரமாகவும் ஒகரமாகவும் மாறிவிடுகிறது. இடம், விளக்கு, பிறகு, உடம்பு, குடை, புகை எல்லாம் இந்த வழியில் மாறியவை. பிள்ளையிடம், 'பேசும்போது எப்படிச் சொல்வோம், புத்தகத்தில் எப்படி இருக்கும்' என்று இரண்டு பத்திகளாக எழுதச் சொல்லுங்கள். எடை, செலவு போல உண்மையாகவே எகரத்தில் தொடங்கும் சொற்களும் உண்டு. அவற்றை அந்தப் பக்கத்தின் அடியில் தனியாகக் குறித்துக்கொள்ளலாம்.

காத்து, நேத்து, வெத்தல என்பவை எழுத்தில் காற்று, நேற்று, வெற்றிலை ஆகும். ஒண்ணு, மூணு என்பவை ஒன்று, மூன்று ஆகும். இதைக் கற்ற உற்சாகத்தில் சில பிள்ளைகள் பத்து என்பதைப் 'பற்று' என்று எழுதத் தொடங்குவார்கள். பதற்றப்பட வேண்டாம், பத்து, முத்து, கத்தி, கொத்து ஆகிய நான்கையும் அடுத்த நாள் பாடமாக வையுங்கள். 'வந்துச்சு', 'போயிட்டேன்' போன்றவை எழுத்துப் பிழைகளே அல்ல. அவற்றை அந்தப் பத்து நிமிடத்துக்குள் கொண்டுவராமல், கட்டுரை எழுதும்போது தனியாகப் பேசலாம்.

சிறிய வகுப்புகளுக்கு

ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விதி எதுவும் வேண்டாம். அவர்களுடைய சிக்கல் குறில் நெடிலிலும் வடிவத்திலும்தான். ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் செடி, சேவல், கொடி, கோடு என்ற சொற்களோடு பழக்குங்கள். நெடிலைச் சொல்லும்போது கையை நீட்டச் சொன்னால் அளவு பிடிபடும். உகர வரிசையில் கு, சு, து, மு என்று குறி ஒவ்வொரு எழுத்திலும் ஒவ்வொரு விதமாக ஒட்டிக்கொள்வதால், அதற்கு மற்ற வரிசைகளைவிட இரண்டு மடங்கு நாள் ஒதுக்க வேண்டும். தட்டில் பரப்பிய மணலில் விரலால் பெரிதாக எழுத வைப்பது இன்றும் நல்ல வழி. திண்ணைப் பள்ளிகளின் அந்தப் பழக்கத்தைக் கண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், 1790களில் சென்னை எழும்பூரில் தாம் நடத்திய அநாதைச் சிறுவர் பள்ளியில் அதைக் கையாண்டார். அங்கிருந்து அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்கும் போயிற்று. தாத்தா பாட்டி எழுதும் ணை, லை, றா போன்றவை வேறு உருவத்தில் இருந்தால், 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம் அது என்று சொல்லிவிட்டு மேலே போகலாம்.

திருத்தும் முறை

சிவப்பு மையால் வட்டம் போடாதீர்கள். தவறிய சொல் இருக்கும் வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். அந்த வரியில் எது தவறு என்பதைப் பிள்ளை தேடட்டும். கண்டுபிடித்த பிறகு ஓரெழுத்தை மட்டும் மாற்றாமல், சொல்லை முழுவதும் அழித்து மறுபடி எழுத வேண்டும். தவறான வடிவத்தையும் சரியான வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்து 'எது சரி' என்று கேட்கும் பயிற்சிகளைச் சிறு பிள்ளைகளுக்குத் தவிர்ப்பது நல்லது; கண் இரண்டையுமே நினைவில் வைத்துக்கொள்ளும். 'வாழ்த்துகள்' சரியா, 'வாழ்த்துக்கள்' சரியா என்று பெரியவர்களே இன்னும் சண்டையிடுகிற இடங்களில், பாடநூலில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதச் சொல்லிவிட்டு விவாதத்தை நாம் வைத்துக்கொள்ளலாம்.

ஒற்று எப்போது

வல்லெழுத்து மிகும் இடங்களை ஐந்தாம் வகுப்புக்கு முன் தொட வேண்டாம். அதன் பிறகும் மூன்றே மூன்று இடங்களில் தொடங்கினால் போதும்: அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின் (அந்தப் பையன், எந்தக் கடை), ஐ உருபுக்குப் பின் (கதவைத் திறந்தான், பாலைக் குடித்தாள்), கு உருபுக்குப் பின் (கடைக்குப் போனான், ஊருக்குச் சென்றார்). அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் மட்டுமே இந்தப் பேச்சு. இவற்றை வாய்விட்டுப் படிக்கும்போது ஒற்றின் அழுத்தம் காதிலேயே விழும் என்பதால், எழுதுவதற்கு முன் படிக்க வைப்பது அவசியம். இந்த மூன்றும் கைவந்த பிறகு, ஒற்று வராத இடங்களுக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்: ஒரு பையன், பெரிய கடை, வந்த பெண், எத்தனை பேர். விதி தெரிந்த பிள்ளை அதை எல்லா இடத்திலும் போட்டுப் பார்க்கும் என்பதால் இந்த வாரத்தைத் தவிர்க்க முடியாது. பாடநூலில் ஏதேனும் ஒரு பத்தியை எடுத்து, ஒற்று மிகுந்த இடங்களுக்கு அடிக்கோடும் மிகாத இடங்களுக்குச் சிறு புள்ளியும் பென்சிலால் வைக்கச் சொல்லுங்கள்; நாளுக்கு ஒரு பத்தி போதும். மற்ற இடங்களைப் பள்ளி இலக்கண வகுப்பு கவனித்துக்கொள்ளும்.